மூன்று துடுப்புகளோடு தொடங்கியவர்கள்



காணிப் பத்திரம், நிவாரணக் கொடுப்பனவு, பிள்ளைகளின் படிப்பு என்று பேசுகிற ஒரு பக்கத்தில் இந்த மாதம் துடுப்பாட்டமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சோற்றுக்கு வழி தேடுகிற வீட்டில் விளையாட்டைப் பற்றி என்ன கதை என்றும் சிலர் நினைக்கலாம். ஆனால் நான் சொல்லப்போவது வெற்றி தோல்விக் கணக்கு அல்ல. கையில் காசில்லாத, ஊர் மதிக்காத, வேலை செய்தும் கூலி கிடைக்காத சில பெண்கள் அரை நூற்றாண்டாக விடாமல் நின்று தங்கள் இடத்தை எப்படிப் பெற்றார்கள் என்ற கதை. வாசித்து முடித்தபின் இது எங்களுக்குத் தேவையா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

இந்தியத் துடுப்பாட்டத்தின் வரலாறு என்றதும் எல்லோரும் ஆண்களின் வரலாற்றைத்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரர் ஆடியதைப் பார்த்து பம்பாயிலிருந்த பார்சிகள் 1848இல் முதலாவது கழகத்தைத் தொடங்கினார்கள். 1932இல் இந்திய அணி இங்கிலாந்தின் லோர்ட்ஸ் மைதானத்தில் தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. அதன்பின் முதல் டெஸ்ட் வெற்றி கிடைக்க இருபது வருடங்கள் சென்றன. அது 1952இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் கிடைத்தது. 1983இல் கபில்தேவின் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. இவ்வளவும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்த வரலாற்றிலேயே வெளியில் நிறுத்தப்பட்டவர்களின் கதை ஒன்றும் இருக்கிறது. பல்வாங்கர் பாலு என்ற பந்துவீச்சாளர் தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட சாதியில் 1876இல் பிறந்தவர். பூனாவில் மைதானம் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டு வலைப்பயிற்சியில் வெள்ளைக்காரருக்குப் பந்து வீசி வீசியே திறமை பெற்றவர். பின்னர் இந்துக்களின் அணிக்கு அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே, வேறு கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் அதிகமான விக்கெட்டுகளை வீழ்த்திய அவருக்கு அணித்தலைமை மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கே 1923இல் இந்துக்கள் அணியின் தலைமை கிடைத்தது. 'உன் உழைப்பு வேண்டும், நீ வேண்டாம்' என்று சொல்வது எப்படியிருக்கும் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். பெண்களுக்கும் ஏறக்குறைய அதுவே நடந்தது.

பெண்களின் தொடக்கம்

கேரளத்தின் கோட்டயத்தில் பேக்கர் நினைவுப் பாடசாலையில் 1913ஆம் ஆண்டளவிலேயே ஆன் கெலவ் என்ற அவுஸ்திரேலிய ஆசிரியை மாணவிகளுக்குத் துடுப்பாட்டத்தைக் கட்டாயமாக்கியிருந்தார். ஆனால் அதற்கு அடுத்த அறுபது வருடங்களுக்கு நாடு தழுவிய பெண்கள் அமைப்பு எதுவும் எழவில்லை. 1973இல்தான் லக்னோவில் மகேந்திர குமார் சர்மா என்பவர் இந்தியப் பெண்கள் துடுப்பாட்டச் சங்கத்தைப் பதிவு செய்தார். பேகம் ஹமீதா ஹபீபுல்லா அதன் முதலாவது தலைவியானார். அதே வருடம் பூனாவில் நடந்த முதலாவது தேசியப் போட்டியில் கலந்துகொண்டவை மூன்றே அணிகள். வருட முடிவில் வாரணாசியில் நடந்த இரண்டாவது போட்டியில் எட்டு அணிகள். ஆடத் துடித்த பெண் பிள்ளைகள் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருந்தார்கள். கூப்பிட ஓர் இடம் இல்லாமற்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணம் 1973இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணம் நடந்தது 1975இல். பெண்கள் எப்போதும் ஆண்களைப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்று யாரும் சொன்னால் இந்த இரண்டு வருடக் கணக்கைச் சொல்லுங்கள்.

1976இல் மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி இந்தியாவுக்கு வந்தது. சாந்தா ரங்கசாமி இந்தியாவின் அணித்தலைவி. பெங்களூரில் முதலாவது டெஸ்ட் நடந்தது. அந்தத் தொடரிலேயே, நவம்பரில் பாட்னாவில், இந்தியப் பெண்கள் தங்கள் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றார்கள். ஆண்களுக்கு இருபது வருடங்கள் எடுத்தது பெண்களுக்கு ஒரே தொடரில் கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் நியூசிலாந்தின் டனிடினில் சாந்தா ரங்கசாமி 108 ஓட்டங்களைப் பெற்றார். டெஸ்ட் போட்டியில் சதம் அடித்த முதலாவது இந்தியப் பெண் அவர்தான்.

இவ்வளவுக்கும் அவர்களிடம் என்ன இருந்தது? சங்கத்தின் செயலாளராகப் பல காலம் உழைத்த நூதன் கவாஸ்கர் சொல்லியிருப்பதைக் கேளுங்கள். ஒரு அணிக்கு மூன்றே துடுப்புகள். முதலில் இறங்கும் இருவரிடம் இரண்டு, மூன்றாவதாக இறங்குபவரிடம் ஒன்று. தொடக்க ஆட்டக்காரி ஆட்டமிழந்து வந்ததும் அவருடைய துடுப்பையும் காற்காப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டு நான்காவது ஆள் இறங்குவாள். முன்பதிவு இல்லாத புகையிரதப் பெட்டியில் பயணம். பொது விடுதியில் படுக்கை. நலன்புரி முகாமில் ஒரு சட்டியை மூன்று குடும்பங்கள் மாற்றி மாற்றிப் பாவித்த எங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1982இல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கிண்ணத்துக்குப் போவதற்கு வீராங்கனைகள் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா தாங்களே கட்ட வேண்டியிருந்ததாக டயானா எடுல்ஜி கூறியிருக்கிறார். நாட்டுக்காக ஆடப் போகிறவள் கடன் கேட்டுப் போக வேண்டியிருந்தது. 1988 உலகக் கிண்ணத்தில் இந்திய அணி பங்குபற்றவேயில்லை. 1986க்கும் 1991க்கும் இடையில் ஒரு டெஸ்ட் போட்டியும் நடக்கவில்லை. ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் ஐந்து வருடங்கள் என்பது சிறிய காலம் அல்ல. இருபத்திரண்டு வயதில் பயிற்சியோடு காத்திருந்தவள் இருபத்தேழு வயதில் மைதானத்துக்குத் திரும்பியபோது இழந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இடப்பெயர்வால் படிப்பு நின்று, மறுபடி பாடசாலை திறந்தபோது வயது கடந்துவிட்ட எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1986இல் இங்கிலாந்துக்குச் சென்றபோது எடுல்ஜியை லோர்ட்ஸ் மைதானத்தின் பிரதான மண்டபத்துக்குள் விடவில்லை. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை என்பது காரணம். அந்தக் கழகம் பெண்களை அங்கத்தவர்களாக ஏற்க முடிவெடுத்தது 1998இல்தான்.

வயிற்றுப்பாடு எங்கிருந்து வந்தது?

விளையாட்டில் பணம் இல்லாத காலத்தில் இந்தப் பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இதுதான் எங்களுக்கு முக்கியமான பகுதி. பதில், தொழில். எடுல்ஜி மேற்கு ரயில்வேயில் வேலை பார்த்தார். சாந்தா ரங்கசாமி கனரா வங்கியில் இருந்தார். இந்திய ரயில்வே விளையாட்டு வீராங்கனைகளுக்கு நிரந்தர வேலை கொடுத்தது. அதனால்தான் பல வருடங்கள் ரயில்வே அணியே தேசியக் கிண்ணங்களை வென்று வந்தது. விளையாட்டால் சோறு கிடைக்கவில்லை, ஆனால் விளையாட்டால் கிடைத்த வேலை சோறு போட்டது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதைத் தனியாகக் குடும்பம் சுமக்கிற நீங்கள் அறிவீர்கள்.

அந்த ரயில்வே வழியில் வந்தவர்களுள் ஒருவர்தான் மிதாலி ராஜ். 1982இல் ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் துரைராஜ் இந்திய விமானப் படையில் இருந்தவர். சிறுவயதில் பரதநாட்டியம் பயின்ற மிதாலி, காலையில் நித்திரை விட்டு எழும்பச் சோம்பல்படுகிறாள் என்பதற்காகவே அண்ணனோடு மைதானத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டாராம். 1999இல் அயர்லாந்துக்கு எதிராகத் தன் முதலாவது சர்வதேசப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள். அப்போது வயது பதினாறு. 2002இல் இங்கிலாந்தின் டோன்டனில் 214 ஓட்டங்கள், பெண்கள் டெஸ்டில் அன்றைய உலக சாதனை. 2005இல் அவருடைய தலைமையில் இந்தியா முதற்தடவையாக உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்குப் போய் அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்தத் தொடருக்குத் தங்களுக்குக் கிடைத்தது ஒரு போட்டிக்கு ஆயிரம் ரூபா வீதம்தான் என்று மிதாலி பின்னாளில் கூறினார். 2017 இறுதிப் போட்டியில் இங்கிலாந்திடம் 9 ஓட்டங்களால் மீண்டும் தோல்வி. 2022இல் ஓய்வுபெற்றபோது ஒருநாள் போட்டிகளில் 7,805 ஓட்டங்கள் அவர் பெயரில் இருந்தன. கிண்ணம் மட்டும் இல்லை.

மேற்கு வங்கத்தில் சக்தகா என்ற சிற்றூரில் பிறந்த ஜூலன் கோஸ்வாமியின் கதையும் இத்தகையதே. 1997 பெண்கள் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் கொல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக் கொடுத்த சிறுமி அவர். விடியற்காலைப் புகையிரதத்தில் நகரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட்டுகளை வீழ்த்தி ஓய்வுபெற்றார். சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி 2013இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சரியாக 100 ஓட்டங்கள் பெற்று, உலகக் கிண்ணத்தில் சதமடித்த முதலாவது இந்தியப் பெண்ணானார்.

காசு எப்போது வந்தது?

2006இல் பெண்கள் துடுப்பாட்டம் ஆண்களை நடத்தும் அதே இந்தியக் கட்டுப்பாட்டுச் சபையின் கீழ் வந்தது. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. பெண்களுக்கு முதற்தடவையாக வருடாந்த ஒப்பந்தம் கொடுத்தது 2015இல். 2022 ஒக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே போட்டிக் கட்டணம் என்று சபை அறிவித்தது: டெஸ்டுக்கு 15 இலட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 இலட்சம், இருபது ஓவர் போட்டிக்கு 3 இலட்சம் இந்திய ரூபா. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பருவத்தின் வருடாந்த ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 இலட்சம். 'சம சம்பளம்' என்று யாரும் சொன்னால் எதில் சமம் என்று கேட்கப் பழக வேண்டும். தோட்டத்திலும் வயலிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நாள் கூலி வாங்குகிற எங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

2025 உலகக் கிண்ணம் இந்தியாவிலும் எங்கள் இலங்கையிலும் நடந்தது. அரையிறுதியில் அவுஸ்திரேலியா கொடுத்த 339 என்ற இலக்கை இந்தியா கடந்தது. ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் பெற்ற ஜெமிமா ரொட்ரிகஸ், அந்தத் தொடர் முழுவதும் தான் மனப்பதற்றத்தால் துன்பப்பட்டதையும் பல நாட்கள் அழுததையும் வெளிப்படையாகச் சொன்னார். பலம் வாய்ந்தவள் அழமாட்டாள் என்று எண்ணுகிறவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். அழுதுகொண்டும் வேலையைச் செய்து முடிப்பவள்தான் பலம் வாய்ந்தவள்.

நவம்பர் 2ஆம் திகதி நவி மும்பையில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியா தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்றது. காயமடைந்த ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஷபாலி வர்மா 87 ஓட்டங்கள் பெற்றார். சிறுவயதில் பெண் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால் தலைமயிரை வெட்டிப் பையன் போலப் போய்ப் பயிற்சி எடுத்தவர் அவர். தீப்தி சர்மா 58 ஓட்டங்களோடு 5 விக்கெட்டுகள். அணித்தலைவி ஹர்மன்பிரீத் கவுர். கிண்ணத்தை வாங்கிய பெண்கள் அதை ஓய்வுபெற்ற மிதாலி ராஜிடமும் ஜூலன் கோஸ்வாமியிடமும் கொண்டுபோய்க் கைகளில் கொடுத்தார்கள். தங்களுக்கு முன் நடந்து பாதையைத் தேய்த்தவர்களை அவர்கள் மறக்கவில்லை.

எங்கள் கொழும்பில்

கொழும்புக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் தொண்ணூறு பேரளவில் உயிரிழந்தனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணப் போட்டிக்கு இங்கு வர மறுத்தன. பெப்ரவரி 13இல் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இலங்கையோடு ஆடினார்கள். இலங்கைக்கு ஆறுதல் சொல்ல வந்த ஆட்டம் அது. களுவிதாரணவை வசிம் அக்ரமின் பந்தில் டெண்டுல்கர் பிடி எடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். அதே நாட்களில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடியில் இருந்தன. அவர்களுக்கு ஆறுதல் சொல்ல எந்த அணியும் வரவில்லை என்பதும் வரலாறுதான். 2025 ஒக்டோபர் 5இல் அதே மைதானத்தில் இந்தியப் பெண்களும் பாகிஸ்தான் பெண்களும் மோதியபோது ஆட்ட முடிவில் கைகுலுக்கக்கூட இல்லை. போர் எங்கே நடந்தாலும் அதன் நிழல் விளையாட்டு மைதானம் வரை வரும்.

எங்கள் நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் அல்லர். 2024 ஜூலையில் தம்புள்ளையில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்றது.

ஆனால் களுபோவிலவில் எங்கள் ஒழுங்கையில் மாலை நேரம் பாருங்கள். பையன்கள் ரெனிஸ் பந்தில் ஆடுவார்கள். பெண் பிள்ளைகள் படலையில் நிற்பார்கள். பந்து மதிலுக்கு உள்ளே விழுந்தால் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர்கள் வேலை. பன்னிரண்டு வயதுவரை சேர்ந்து ஆடியவளையும் பெரியபிள்ளையானதும் 'இனிப் போதும்' என்று உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம். கறுத்துப் போவாள், காலில் தழும்பு வரும், நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும், இருட்டினால் யார் கூட்டி வருவது. இந்தப் பயங்களில் எல்லாவற்றையும் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆண் துணையில்லாத வீட்டில் பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதும், வழியில் என்ன நடக்கும் என்பதும் தாய்க்குத்தான் பாரம்.

இன்னொரு உண்மையும் உண்டு. இலங்கையில் பலமான பெண்கள் அணிகளில் சில முப்படைகளைச் சேர்ந்தவை. இந்தியப் பெண்களுக்கு ரயில்வே கொடுத்தது போன்ற வேலையும் சம்பளமும் இங்கே பலருக்கு அந்த வழியாகத்தான் கிடைக்கிறது. வடக்கு கிழக்கிலிருந்து வந்த எங்கள் வீடுகளுக்கு அந்த வாசல் எளிதான வாசல் அல்ல. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைகள், வங்கிகள், கூட்டுத்தாபனங்கள், மாகாண விளையாட்டுத் திணைக்களங்கள் என்று வேறு வாசல்களும் திறக்கப்பட வேண்டும் என்று கேட்கிற உரிமை எங்களுக்கு உண்டு.

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகள் துடுப்பாட்டத்தில் கோடி உழைப்பாள் என்று நான் ஆசை காட்டவில்லை. ஒரு நாட்டின் அணியில் பதினைந்து பேர்தான். மற்ற ஆயிரம் பேருக்கு அந்த இடம் கிடையாது. ஆனால் ஒடித் திரிகிற பிள்ளை நித்திரை கொள்வாள், சாப்பிடுவாள், தோற்றாலும் மறுநாள் எழும்பிப் போகப் பழகுவாள். எங்கள் வீடுகளில் குழந்தைகள் கண்ட காட்சிகளுக்கு அது ஒரு சிறு மருந்தாவது ஆகும்.

நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பாடசாலை அதிபரிடம் பெண் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு இருக்கிறது என்று ஒருமுறை போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் நாலு தாய்மார் சேர்ந்து போங்கள். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைகளை முறை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு தாயாகக் கூட்டி வரலாம். சீட்டுப் பிடிக்க ஒன்றுசேர்கிற எங்களுக்கு இது முடியாத காரியமல்ல. மூன்று துடுப்பை வைத்து ஒரு அணி ஆடியது, ஒரு சப்பாத்தை இரண்டு பிள்ளைகள் மாறிப் போடுவதில் வெட்கமில்லை.

கடைசியாக, கடதாசிகள். ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் கிடைக்கும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். பழைய இந்திய வீராங்கனைகளுக்குப் பல வருடங்கள் கழித்து ஓய்வூதியம் கிடைத்தபோது, எத்தனை டெஸ்ட் ஆடினார் என்ற பதிவை வைத்தே அது கணக்கிடப்பட்டது. சங்கம் ஏழையாக இருந்தபோதும் ஓட்டப் புத்தகத்தை எழுதி வைத்தவர்கள்தான் அந்தப் பெண்களுக்கு முதுமையில் கைகொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் தொலைந்ததால் அலுவலகப் படிகளில் எத்தனை நாள் இருந்தோம் என்பது எங்களுக்கு மறக்காது. வலயமட்டப் போட்டியில் மூன்றாம் இடம் என்ற ஒரு சிறு துண்டுக் கடதாசியும் நாளைக்கு ஒரு நேர்முகப் பரீட்சையில் பேசும். அடையாள அட்டைப் பிரதி வைக்கிற அதே பையில் அதையும் வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.